கயிறு பிடித்த கொலைகாரனும் நானும்

துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "உங்கள் காலத்தில் மாதத்துக்கு ஒரு நாவல் எப்படி எழுதினீர்கள்? அந்த ரகசியத்தை எங்களுக்குச் சொல்ல வேண்டும்" என்று கடிதம் வந்திருக்கிறது. ரகசியம் ஒன்றும் கிடையாது. எழுதினதைத் திரும்பப் படிக்காமல் இருந்தால் யாரும் எழுதலாம். இப்போதைய தம்பிகள் ஒரு கொலை செய்வதற்கு முன்னால் விஷத்தின் பெயர், துப்பாக்கியின் ரகம், போஸ்ட்மார்ட்டம் நடக்கும் முறை எல்லாம் விசாரித்துவிட்டு எழுதுகிறார்கள். நாங்கள் எதையும் விசாரித்ததில்லை. அதனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

நான் விளாத்திகுளத்துக்காரன். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல், கம்பு, பருத்தி. பருத்தி அரவை மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். வேலை போயிற்று. பிழைப்புத் தேடித் தூத்துக்குடிக்கு வந்தபோதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். நீந்தத் தெரியாது, இன்றுவரை தெரியாது. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த வேலை, கடல் சாகச நாவல் எழுதுவது.

வேலை கொடுத்தவர் தங்கப்பழம் அண்ணாச்சி. பலசரக்குக் கடைக்காரர். கடையின் பின்கட்டில் காலால் மிதிக்கிற அச்சு மெஷின் ஒன்று வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, ஊறுகாய் லேபிள் இதெல்லாம் அடிப்பார். அது யுத்த காலம். பத்திரிகைக்காரர்கள் காகிதத்துக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். அண்ணாச்சியிடமோ பொட்டலம் மடிக்கவென்று முன்கூட்டியே வாங்கிப் போட்ட பழுப்புக் காகிதம் கிடங்கு நிறைய இருந்தது. சும்மா பொட்டலம் மடித்தால் அந்தக் காகிதத்தை ஒரு தடவைதான் விற்கலாம், கதை அச்சடித்தால் இரண்டு தடவை விற்கலாம் என்று கண்டுபிடித்தவர் அவர். விற்காத பிரதிகள் கடைக்கே திரும்பி வந்து கடுகும் சீரகமும் மடிக்கப் போகும். என் முதல் நாவலின் கடைசி அத்தியாயத்தை நான் அச்சில் படித்தது பெருங்காயப் பொட்டலத்தில்தான்.

அண்ணாச்சி ஒரு நாவலும் படித்ததில்லை. ஆனால் பதிப்பாசிரியர் என்றால் அவர்தான். அவருடைய முறை இப்படி. ஒரு அத்தியாயம் முடிந்ததும் நான் கடைக்குப் போய், அவர் தராசுக்குப் பக்கத்தில் நின்று உரக்க வாசிக்க வேண்டும். அவர் பாட்டுக்குக் கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருப்பார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். சாமான் வாங்க வந்த ஆளைப் பார்ப்பார். சாமானை வாங்கின பிறகும் அந்த ஆள் போகாமல் நின்றால் அத்தியாயம் பாஸ். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால், "போயிட்டான் வே. கிழிச்சிப் போடும்" என்பார். நான் கிழிப்பேன். கிழித்ததை வாங்கி மிளகு மடிப்பார்.

அவர் போட்ட சட்டம் இரண்டு. ஒவ்வொரு ஃபாரத்துக்கும், அதாவது பதினாறு பக்கத்துக்கு ஒரு தடவை, யாராவது சாக வேண்டும். எந்தக் கதையானாலும் முத்து வர வேண்டும். இத்தனைக்கும் முத்துக்குளிப்பு நின்று பல வருஷமாகியிருந்தது. சிப்பி இல்லையென்று சர்க்கார் கடலை மூடி வைத்திருந்தது. குளிகாரர்கள் சங்கு எடுக்கத்தான் இறங்கினார்கள். "சங்குக்காக எவனாவது கொலை செய்வானா வே? முத்துன்னு போடும்" என்றார் அண்ணாச்சி. போட்டேன். கடலில் அகப்படாத முத்து என் நாவல்களில் மாதா மாதம் புறா முட்டை சைஸில் அகப்பட்டது. நிஜக் குளிகாரர் ஒன்றரை நிமிஷம் மூச்சடக்கினால் பெரிது. என் கதாநாயகன் ஜெயராஜ் அரைமணி நேரம் அடியில் இருந்தான். சுறாவைக் குத்தினான். வில்லனை எச்சரித்து ஒரு பக்கம் வசனமும் பேசினான்.

அந்த ஜெயராஜ் நாவலுக்கு நாவல் மூன்றாவது ஃபாரத்தில் மாறுவேஷம் போட்டு 'முத்தையா' ஆகிவிடுவான். வாசகர்கள் அதைப் பெரிய தந்திரம் என்று மெச்சி எழுதுவார்கள். விஷயம் வேறு. எங்கள் அச்சுக்கோப்பாளர் சுப்பையாவிடம் 'ஜ' எழுத்து கொஞ்சம்தான் இருந்தது. "சார், ஜ தீந்துட்டு. ஆளுக்கு வேஷம் போட்டுருங்க" என்பார். போட்டுவிடுவேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டே நாலைந்து வருஷம் ஓடிற்று. அப்புறம்தான் அந்தோணி இறந்தார்.

அந்தோணி சங்குக் குளிகாரர். படகிலிருந்து அவருக்குக் கயிறு பிடிக்கிறவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், மிக்கேல். ஒருநாள் கயிறு மேலே வந்தது, ஆள் வரவில்லை. உடலை மறுநாள் எடுத்தார்கள். காப்பி கிளப்பில் உட்கார்ந்து நாலு பேர் சொல்லக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கு நாவல் தயாராகிவிட்டது. மச்சான் முத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை அறுக்கிறான். கடலுக்கடியில் குளிகாரன் கடைசியாக "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டே சாகிறான்.

பெயரை மாற்றினேன். மிக்கேலை சூசை ஆக்கினேன். மிக்கேலுக்கு இடது கையில் சுண்டுவிரல் கிடையாது என்று கிளப்பில் சொல்லியிருந்தார்கள், அதை மாற்றவில்லை. கொலைகாரனுக்கு அது பொருத்தமாக இருந்தது. 'கயிறு பிடித்த கொலைகாரன்' என்று அண்ணாச்சி பெயர் வைத்தார். கடையில் வாசித்தபோது துவரம்பருப்பு வாங்க வந்த மூன்று பேர் நகரவே இல்லை. அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதிகூடப் பொட்டலம் மடிக்கத் திரும்பி வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் மிக்கேல் அச்சாபீசுக்கு வந்தார். கறுத்து ஒல்லியான மனிதர். லேஞ்சியில், அதுதான் கைக்குட்டை, புத்தகத்தைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவிழ்த்து என் மேஜையில் வைத்தார்.

"இத எழுதினது நீருதானா?"

"ஆமா."

"நான் கயித்த அறுத்தேன்னு இதுல போட்டிருக்காமே. எனக்கு வாசிக்கத் தெரியாது. அது எங்கன இருக்கு, காட்டும்."

பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். வரியின்மேல் விரலை வைத்தார். விரல் கனத்துக்கு இரண்டு வரி மறைந்தது.

"இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இத எடுத்துரும்."

புத்தகமெல்லாம் விற்றுப்போயிற்று, ஊர் ஊராகப் போய்விட்டது, இனி எடுக்க முடியாது என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. எழுதினவன் நான்தானே, அழிக்க மட்டும் ஏன் முடியாது என்பதுபோலப் பார்த்தார். இது கதை, நீங்கள் இல்லை, இவன் பெயர் சூசை என்றேன். அவர் தன் இடது கையைப் புத்தகத்தின்மேல் விரித்து வைத்தார். நாலு விரல்.

பிறகு நடந்ததைச் சொன்னார். "சீக்கிரம் அடிக்குப் போக அவரு கல்லப் பிடிச்சு இறங்கினாரு. கல்ல மேல இழுத்துக்கிட்டேன். சங்கு வலைக் கயிறு என் கையில இருக்கு. அவரு ஒரு சுண்டு சுண்டினா நான் தூக்கணும். சுண்டல. கொஞ்சம் பாத்தேன். இழுத்தேன். சும்மா வந்துட்டு. வேற ரெண்டு பேரு குதிச்சுப் பாத்தாவ. பாறை இடுக்குல காலு மாட்டியிருக்கு, மறுநாதான் எடுக்க முடிஞ்சுது. அவ்வளவுதான் வே நடந்தது. இப்ப எவனும் என் கயித்துல இறங்க மாட்டேங்கான். என் தங்கச்சி கதவ அடைச்சுட்டா."

அன்று சாயங்காலமே காப்பி கிளப்புக்குப் போய், நாற்காலியில் நின்றுகொண்டு, நான் எழுதினது முழுப் பொய், மிக்கேல் கொலை செய்யவில்லை என்று சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "மிக்கேலு கத்தியக் காட்டிட்டானோ?"

நான் அச்சடித்த பொய்யை நம்பினவர்கள் வாயால் சொன்ன உண்மையை நம்பவில்லை.

மறுநாள் அந்தோணியின் மனைவி சலேத்தம்மாளைப் பார்க்கப் போனேன். மாதா கோவில் உபதேசியாரைக் கொண்டு புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார்.

"அவரு கடைசியா மச்சான்னு கூப்பிட்டதா போட்டிருக்கீரே. உமக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை அம்மா. நானா எழுதினது. தண்ணிக்குள்ள யாராலயும் கூப்பிட முடியாது."

"அது எங்களுக்குத் தெரியாதா? ஆனா போட்டிருக்கே. எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு."

நான் எழுதின வசனம். ஃபாரத்தில் நாலு வரி குறைகிறது என்று சுப்பையா சொன்னதால் சேர்த்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. உங்கள் அண்ணன் ஒரு பாவமும் அறியாதவர் என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப யாரு செஞ்சா?"

"யாரும் செய்யலை. கால் மாட்டிக்கிட்டு."

"ஒம்பது வருசமா கடல்ல கெடந்த மனுசன், யாரும் ஒண்ணும் செய்யாம எப்படிப் போவாரு?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வருகிற வழியில் முடிவு செய்தேன். புத்தகத்தால் வந்ததைப் புத்தகத்தால்தான் எடுக்க முடியும். இரண்டாம் பாகம் எழுதுவது. அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. பாவபுண்ணியம் பார்த்து அல்ல.

முதலில் நடந்தது நடந்தபடி, விபத்து என்றே எழுதினேன். என் ஆயுளில் அப்படி நான் உழைத்ததில்லை. மிக்கேலை மறுபடி பார்த்து, கல் எத்தனை கனம், கயிறு கையில் எப்படிப் பேசும் என்றெல்லாம் கேட்டு எழுதினேன். முதல் தடவையாக ஒரு கடல் அத்தியாயத்தில் கடல் இருந்தது. கடையில் போய் வாசித்தேன். புளி வாங்க வந்தவர் புளியை வாங்கிக்கொண்டு போனார். அடுத்தவர் உப்பு வாங்கிக்கொண்டு போனார். ஒரு அம்மாள் நின்றார், நம்பிக்கையோடு பார்த்தேன். மீதிச் சில்லறைக்காக நின்றிருக்கிறார்.

"காலு மாட்டிச் செத்தான்னா அது கதையா வே? ஆளு வேணும். செஞ்சவன் ஒருத்தன் வேணும்" என்றார் அண்ணாச்சி. சலேத்தம்மாள் சொன்னதும் அதேதான்.

ஆக, மிக்கேலை விடுவிக்க வேண்டுமானால் வேறு ஒருவனை மாட்ட வேண்டும். யாரை? டாக்டரை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். ஊரில் டாக்டர் ஒருவர் இருப்பாரே. நாளைக்கு அவர் வீட்டில் கல் விழும். உப்பளத்து மேஸ்திரி? ஊர் முழுக்க உப்பளம். சங்கு வியாபாரி? படகுக்காரர்? யாரை எழுதினாலும் தூத்துக்குடியில் அப்படி ஒரு மனிதர் இரத்தமும் சதையுமாக நடமாடிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் பேனாவை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், தன் வீட்டில் கல் விழுந்தாலும் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டாத ஒரே ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.

வில்லன், கடல் சாகசக் கதை எழுதுகிற ஒரு எழுத்தாளன். விளாத்திகுளத்திலிருந்து பிழைக்க வந்தவன். வெயிலோ மழையோ கையில் குடை. மூக்குப்பொடி போடுவான். வலது காலைச் சற்று இழுத்து நடப்பான். என் பெயர் சண்முகம். அவனுக்கு ஆறுமுகம் என்று வைத்தேன். அவனுக்கு ஒரு கதையும் அகப்படவில்லை. எழுதுவதற்கு ஒரு சாவு வேண்டியிருந்தது. முத்துக் குளிக்கப் போகிற நாளுக்கு முந்தின நாள் படகுப் பக்கம் போய், கயிற்றை இழை இழையாகச் சீவி வைத்துவிட்டு வந்தான். கயிறு பிடித்த சூசைக்கு ஒன்றும் தெரியாது.

சுப்பையா அச்சுக் கோத்துக்கொண்டே வந்தவர் பாதியில் எழுந்து வந்தார். "சார், குடையையும் போடணுமா?"

"போடும்."

"காலு இழுக்கிறது?"

"அதையும்."

"எழுத்து எல்லாம் இருக்கு சார். ஆனா தீந்துட்டுன்னு சொல்லட்டுமா?" என்றார். அந்த மனிதரை நான் மறப்பதற்கில்லை. வேண்டாம் என்றேன்.

கடையில் வாசித்தேன். நல்லெண்ணெய் வாங்க வந்தவர் கையில் செம்பைப் பிடித்தபடி கடைசிவரை நின்றார். அண்ணாச்சி நிறுத்த கருப்பட்டி தட்டிலேயே கிடந்தது. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் வாங்குகிறவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "கதைக்காக ஒரு மனுசனைக் கொல்லுதான். இப்படியும் இருப்பானுவளா வே?"

"இருப்பானுவ அண்ணாச்சி" என்றேன்.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிட நன்றாகப் போயிற்று. எல்லாரும் நம்பினார்கள். ஒரு மாதத்துக்குள் மிக்கேலின் கயிற்றில் ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். சலேத்தம்மாள் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தார் என்று கேள்விப்பட்டேன். நான் நினைத்தது நடந்தது. நினைக்காததும் நடந்தது. காப்பி கிளப்பில் எனக்கென்று தனி டம்ளர் வந்தது. சில நாளில் அதுவும் வரவில்லை. வீட்டுக்காரர், பேரப்பிள்ளைகள் பயப்படுகிறார்கள், வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்றார். விளாத்திகுளத்தில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் தபாலில் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கூடவே, எந்தப் பக்கம் என்று அடையாளம் வைத்து, புத்தகத்தையும்.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு பாகத்தையும் படித்திருந்தார். வரிகளின் கீழ் சிவப்புப் பென்சில் கோடு.

"இது வாக்குமூலமா?"

"நாவல் சார்."

"அப்ப முதல் பாகம்?"

"அதுவும் நாவல்தான்."

"ரெண்டுல எது நெசம்?"

"ரெண்டும் இல்ல சார். பாறையில காலு மாட்டிக்கிட்டு."

அவர் புத்தகத்தை மூடினார். "பாறையை நான் எங்க போய்க் கைது செய்யட்டும்?" என்றார். வழக்குப் போட ஆதாரம் இல்லை, ஆனால் ஊரில் இருப்பது எனக்கு நல்லதில்லை என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர். மூன்றாம் பாகம் எப்போது என்று வாசல்வரை வந்து கேட்டார்.

அண்ணாச்சியிடமும் அதே கேள்வி தயாராக இருந்தது. "மூணாம் பாகத்துல உம்மைத் தூக்குல போட்டுருவோம் வே. ஊரு ஆறிப்போவும். அட்டையில உம்ம படத்தையே போடுவோம்." வருத்தமாகத்தான் சொன்னார்; வியாபாரமாகவும் சொன்னார். அவருக்கு அந்த இரண்டும் ஒரே குரலில்தான் வரும். என்னால் முடியாது என்று சொல்லி விடை பெற்றேன். சென்னையில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிற வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன், வரச் சொல்லியிருந்தார்கள்.

சாயங்கால வண்டி. வழியனுப்ப யாரும் வரவில்லை. சுப்பையா மட்டும் அச்சாபீசிலேயே கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மை பட்டுவிட்டதே என்று வருத்தப்பட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பிளாட்பாரத்தில் மிக்கேல் வந்தார். ஓலைப் பெட்டியில் கருவாடு கொண்டுவந்திருந்தார். ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார்.

"பட்டணத்துல இது கிடைக்காது" என்றார். பிறகு நின்றார். வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது.

"வே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீரே?"

"கேளும்."

"அன்னைக்குக் கயித்த நான் நல்லாத்தான் பிடிச்சிருந்தேன். கண்ணு வேற எங்கயும் போவல. அப்படித்தான் நெனைக்கேன். ஆனா இத்தனை நாளா ராத்திரி பகலா யோசிக்கேன், ஒருவேளை அவரு சுண்டி, என் கைக்குத் தெரியாமப் போச்சோன்னு." ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த நாலு விரலையும் பார்த்துக்கொண்டே கேட்டார். "முந்தின நாளு நீரு படகுப் பக்கம் வந்தீரா?"

அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கேட்கிற மனிதர் படகிலேயே இருந்தவர். கயிறு அறுபடவே இல்லை என்று அவருக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தன் கண்ணால் பார்த்த கயிற்றை விட்டுவிட்டு நான் எழுதின கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், மறுபடியும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் இவர் வீட்டுக்குப் போவார்.

"வந்தேன்" என்றேன்.

மிக்கேல் ஜன்னல் கம்பியை விட்டார். என்னைத் திட்டவில்லை. ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, என் மடியிலிருந்த கருவாட்டுப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மற்றக் கையை வீசி, நிமிர்ந்து நடந்து போனார்.